பேர் தெரியாது, பழக்கம் உண்டு!

(பட்டிமன்றத் தலைப்பு: சினிமாப் பாடகர் கர்நாடக இசை பாடிப் பதிவு செய்வது இசைக்கு வரவா, செலவா? 'வரவே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! கூட்டத்தில் இடிபட்டு, மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேர்ந்திருக்கும் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா என்ன கேட்டார்? "சினிமாவிலே பேர் வாங்கியாச்சு, பணம் வாங்கியாச்சு. அப்புறம் கர்நாடக சங்கீதத்துல உங்களுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டார்.

ஐயா, கே.ஜே. யேசுதாஸை எடுத்துக்குங்க. 1940-ல் கொச்சியில் பிறந்தவர். நாடக நடிகரும் பாடகருமான அப்பா அகஸ்டின் ஜோசப்தான் முதல் குரு. 1961-ல் சினிமாவுக்குப் பாட வந்தார். 1964-ல் 'பொம்மை' படத்துல அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது யார்? வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர்! சங்கீத வித்வானே சினிமாவுக்குக் கூட்டிட்டு வரலாமாம். அவர் சங்கீதத்துக்குத் திரும்பிப் போனா மட்டும் குத்தமாம்! (கைதட்டல்)

அதைவிடப் பெரிசு ஒண்ணு. பேரும் புகழும் வந்த பிறகு, செம்பை வைத்தியநாத பாகவதர்கிட்ட போய்ச் சீடரா உட்கார்ந்தார். நம்ம வீட்டுப் பையன் பரீட்சையில நாலு மார்க் கூட வாங்கிட்டா, "தம்பி, இன்னொரு தடவை படிடா"ன்னு சொல்ல முடியுதா? "எனக்கேவா?"ங்கிறான்! (சிரிப்பு)

1980-ல் திருவனந்தபுரத்தில் தரங்கிணியை ஆரம்பித்தார். சினிமாப் பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். கீர்த்தனைகளையும் பாடி கேசட்டாகக் கொடுத்தார். அவர் பாடிய கேசட் ஒண்ணு எங்கே வந்தது தெரியுமா? குரோம்பேட்டையில் எங்க வீட்டுக்கு வந்தது!

எங்க அப்பா தையல்காரர். யேசுதாஸ்ங்கிற பேரைப் பார்த்து, சினிமாப் பாட்டுன்னு நினைச்சு வாங்கிட்டு வந்துட்டார். போட்டுப் பார்த்தா கீர்த்தனை! "ஏமாந்துட்டேனே"ன்னார். காசு கொடுத்தாச்சேன்னு மறுநாளும் போட்டார். (சிரிப்பு) ஒரு வாரத்துல பாட்டுக்காகத் தையல் மிஷினை நிறுத்த ஆரம்பிச்சார். அதுவரைக்கும் நான் பாட்டு கத்துக்கணும்னு கேட்டப்பல்லாம், "அது நமக்கு இல்லம்மா"ன்னவர், அந்த மாசம் என் கையைப் பிடிச்சுப் பாட்டு டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார்.

அந்த டிசம்பர்ல மாம்பலத்துல இறங்கி ஒரு கச்சேரிக்குப் போனோம். கையில டிக்கெட் இருக்கு. ஆனா வாசல்ல நின்னு என்னைக் கேட்கிறார்: "ஏம்மா, நம்மள உள்ளே விடுவாங்களா?" அய்யா, அங்கே யாருமே தடுக்கலை. அவர் மனசுக்குள்ளதான் ஒரு கதவு சாத்தியிருந்தது. எத்தனை தலைமுறையா சாத்தியிருந்ததோ!

உள்ளே போனோம். ஒரு பாட்டு ஆரம்பிச்சதும் அப்பா தலையை ஆட்டினார். பக்கத்துல இருந்த பெரியவர், "என்ன ராகம் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டார். அப்பா சொன்னார்: "பேர் தெரியாதுங்க. ஆனா பழக்கம் உண்டு!" பெரியவர் சிரிச்சுட்டு, "கல்யாணி"ன்னு சொல்லிக்கொடுத்தார். (கைதட்டல்)

எதிரணி சொல்வதில் ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். கற்காமல், பேரை மட்டும் அட்டையில் போட்டு விற்றால் அது செலவுதான். ஆனால் கற்றுக்கொண்டு பாடும்போது, தனக்காக உயிரை விடும் ரசிகனையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார். சங்கீதம் தெரிந்தவருக்கு இன்னொரு பாடகர் கிடைக்கலாம், போகலாம். ஆனால் எங்க அப்பாவுக்குத் தெரிந்த ஒரே குரல் அதுதான்! அந்தக் குரல் கூப்பிடாவிட்டால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார்.

இன்றைக்கு அந்த கேசட் இல்லை. அப்பாவும் இல்லை. நான் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் செலவுக் கணக்கில் எழுத உங்களுக்கு மனசு வருமா? வரவே, வரவே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.