சிறுவர்களுக்குத் தேனீயைக் காட்டும் வழி



கிராமத்துப் பிள்ளைகள் தேனீயை முதன்முதலில் அறிவது பெரும்பாலும் கல்லெறிந்து கொட்டு வாங்குவதினாலேயே. ஆலமரத்திலும் பாறையிலும் தொங்கும் மலைத்தேனீயின் கூடு குழந்தைகளுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் அன்று. கூட்டமாகத் துரத்தும் குணமுடைய அவ்வீயினிடம் அவர்களை அண்டவிடலாகாது. பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயே பெட்டியில் வளர்க்கத்தக்கது, அதையே காட்டவேண்டும்.

முன்னர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1937-ஆம் வருஷத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அப்பக்கத்தில் பெட்டியை வீட்டருகிலேயே வைக்கும் குடும்பங்களில், கோழியையும் கன்றையும் போலவே தேனீயையும் பார்த்துக் குழந்தைகள் வளர்கின்றனர். அங்கே தேனுக்கு ஆதாரம் பூ மாத்திரமன்று. ரப்பர் மரம் இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கையில், இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறுகிறது. பூவில்லாமல் தேன் எப்படி வரும் என்று பிள்ளை வினவினால், அத்தளிரொன்றைக் கையில் கொடுத்துவிட்டாற் போதும்.

தேனீ பூவிலிருந்து தேன் கொண்டுவருகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. கொண்டுவருவது நீர்த்த மதுரம். அதில் பெரும்பகுதி தண்ணீர். அதை வயிற்றிலுள்ள தனிப்பையில் ஏந்திவரும் ஈ, கூட்டிலிருக்கும் இளைய ஈயின் வாயில் ஊட்டுகிறது. வாய்க்கு வாய் மாறும்பொழுது அவற்றின் உமிழ்நீர் கலந்து சர்க்கரையின் தன்மை மாறுகிறது. பின்பு அதை அறுகோண அறைகளில் பரப்பி, சிறகுகளை ஓயாது விசிறி, தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும் வரையில் வற்றச் செய்கின்றன. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். அங்கே நெருப்பு, இங்கே காற்று. பக்குவமான அறையை, தங்கள் வயிற்றினடியில் சுரக்கும் மெழுகினால் மூடிவிடுகின்றன. வேலை மிகுந்த பருவத்தில் சுமார் ஆறு வாரமே வாழும் ஒரு பணித்தேனீ, தன் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்க்கும் தேன் ஒரு சிறு கரண்டிக்கும் காணாது. இதைக் கேட்ட பிள்ளை தட்டில் தேனை மிச்சம் வைப்பது அபூர்வம்.

பெட்டியைக் காட்டுவதற்கு வெயிலுள்ள காலைவேளை நல்லது. ஈக்கள் போகவர இருக்கும் வாயிலுக்கு நேரே நிற்கலாகாது, பக்கத்தில் நிற்கவேண்டும். வாசனைத் தைலம் பூசியும் கறுப்பு உடை உடுத்தும் வரலாகாது. பழகியவர் சிறிது புகைகாட்டிச் சட்டமொன்றை மெதுவாகத் தூக்கி, ராணியையும், கொடுக்கில்லாத ஆண் ஈயையும் காட்டலாம். கொட்டிவிட்டால் கொடுக்கைத் தாமதமின்றி நகத்தால் சுரண்டி எடுத்துவிடவேண்டும். உடம்பெங்கும் தடித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

தீப்பந்தம் காட்டி அடை முழுவதையும் பிழியும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்கின்றனர். அதில் புழுக்களும் சேர்ந்து நசுங்குகின்றன. 1991, 1992-ஆம் வருஷங்களில் புழுக்களைத் தாக்கும் நச்சுயிரி நோயொன்று தென்னாட்டில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருவாரியாக அழித்துவிட்டது. பெட்டிகள் காலியாகிப் பல குடும்பங்கள் வருமானம் இழந்தன. மிஞ்சிய கூட்டங்களிலிருந்தே தொழில் மறுபடி தழைக்கவேண்டியிருந்தது. ஆகையால், பொந்திலுள்ள கூட்டைக் கொளுத்த எண்ணும் பையனிடம் தீக்குச்சிக்குப் பதிலாக ஒரு காலிப் பெட்டியைக் கொடுப்பது மேல்.

இன்னொரு விஷயம் தாய்மாருக்கு உரியது. பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தேனில் சில சமயம் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து சிசுவின் குடலில் முளைத்து, உயிருக்கே ஆபத்தான வாத நோயை உண்டாக்கும். தேன் எவ்வளவு சுத்தமாயினும் ஒரு வயது நிரம்பும் வரையில் துளியும் கொடுக்கலாகாது.