கைமாறிய பாஞ்சோ

இந்த அறக்கட்டளை யார் பெயரால் அமைந்ததோ, அந்தப் பேராசிரியர் அம்மையார் இந்தக் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நடத்தியவர். அதனால் நாடக மேடையிலிருந்தே தொடங்குகிறேன்.

2013-இல் வந்த ‘சிங்கம் 2’ படத்தைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் குறைவாகவே இருப்பார்கள். அதில் போதைப்பொருள் கடத்தும் வில்லனாக நடித்தவர் டேனி சபானி. லண்டனில் பிறந்தவர், கானா நாட்டு வம்சாவளி. அதே சபானி 2014-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘மெடியா’ என்ற கிரேக்க நாடகத்தில் ஜேசனாக நடித்தார். 2024-இல் அல்மெய்டா அரங்கில் லியர் மன்னராக மேடையேறினார். லியரைத் தாங்கக்கூடிய ஒரு கலைஞர் நம் ஊருக்கு வந்தபோது நாம் அவருக்கு எடுத்துக் கொடுத்தது கடத்தல்காரன் வேடம். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் நமக்குத் தோன்றவில்லை. இது என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயம்.

லியர் வேடம் கறுப்பர் ஒருவருக்குப் புதிதும் அல்ல. 1807-இல் நியூயார்க்கில் பிறந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ், சொந்த நாட்டு மேடையில் தனக்கு இடமில்லை என்று கண்டு பதின்வயதிலேயே கப்பலேறியவர். 1833-இல் லண்டன் காவென்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நடித்தார். பிறகு லியர், மாக்பெத், ஷைலாக் என்று முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசிக்கொண்டு ரஷ்யா வரை போய் நடித்தார். 1867-இல் போலந்தின் லோட்ஸ் நகரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே காலமானார்.

கறுப்பர் என்றால் இன்னின்னதுதான் செய்வார், இன்னின்னதுதான் ரசிப்பார் என்று ஒரு பட்டியல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ராப், கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம், தேவாலயப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. வயலின், நீச்சல், பறவை பார்த்தல், கிராமியப் பாட்டு, அறிவியல் புனைகதை ஆகியவை அதில் இல்லை. அதில் இல்லாத ஒன்றை விரும்புகிறவரை இரண்டு பக்கமிருந்தும் கேள்வி துளைக்கிறது. வெளியில் இருப்பவர்கள் வியக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களோ, திருத்தமான ஆங்கிலம் பேசும் பள்ளிச் சிறுமியைக்கூட ‘வெள்ளைக்காரி மாதிரிப் பேசுகிறாள்’ என்று ஒதுக்குகிறார்கள். இந்தப் பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு. அதில் விடுபட்டிருப்பவற்றில் பல, அந்த மக்களிடமிருந்தே பிடுங்கப்பட்டவை. பிடுங்கிய பிறகு, ‘இது உங்களுடையது அல்லவே’ என்று அவர்களிடமே சொல்லப்பட்டவை.

பாஞ்சோவை எடுத்துக்கொள்வோம். இன்று அந்தக் கருவி என்றதும் அமெரிக்க மலைக் கிராமத்து வெள்ளை விவசாயி ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீட்டும் காட்சிதான் பலர் மனத்தில் எழும். ஆனால் அதன் உறவுக்காரக் கருவி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகாம்பியாவில் இன்றும் இருக்கிறது. ஜோலா மக்கள் அதை அகோன்டிங் என்கிறார்கள். சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தி, நீண்ட கழி செருகி, மூன்று தந்தி கட்டியது. அதில் ஒரு தந்தி குட்டையானது. விரல் நகம் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட, கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். பழைய பாணியில் பாஞ்சோ வாசிக்கும் அமெரிக்கரின் கையும் இப்படித்தான் அசைகிறது. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் இந்தக் கைப்பழக்கத்தைக் கொண்டுபோய், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் கிடைத்த சுரைக்காயில் அந்தக் கருவியை மறுபடி செய்துகொண்டார்கள். 1780-களின் பிற்பகுதியில் தென் கரோலினாவில் தீட்டப்பட்ட ‘பழைய தோட்டம்’ என்ற நீர்வண்ண ஓவியம் ஒன்று உண்டு. அடிமைக் குடியிருப்பின் முன்னால் கறுப்பின மக்கள் கூடி ஆடுகிறார்கள். ஓர் ஆள் உட்கார்ந்து சுரைக்குடுக்கைப் பாஞ்சோவை வாசிக்கிறார். படத்தில் ஒரு வெள்ளையர்கூட இல்லை.

1840-களில் வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, கறுப்பரைக் கேலி செய்யும் மேடைக் கூத்துகளை நடத்தினார்கள். பாஞ்சோ அந்தக் கூத்தின் சின்னமானது. தங்களை இழிவுபடுத்தும் மேடையில் ஒலித்த கருவியைத் தொடப் பிற்காலத்தில் பலருக்கு மனம் வராமல் போனதில் வியப்பில்லை.

அடுத்த அடி 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்களிடமிருந்து விழுந்தது. 1920-இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு அமோகமாக விற்றது. கறுப்பரும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. சில ஆண்டுகளில் விற்பனைப் பட்டியலை இரண்டாகப் பிரித்தார்கள். கறுப்பருக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. தென் மாநில வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’. அதுவரை ஒரே ஊர்த் திருவிழாவில், ஒரே நடன இரவில், இரு நிறத்தாரும் ஒரே பிடில் மெட்டுகளை வாசித்து வந்தார்கள். ஒலிப்பதிவு முகவர்களோ கறுப்பரிடம் ப்ளூஸ் கேட்டார்கள். வெள்ளையரிடம் பிடில் கேட்டார்கள். கறுப்பரின் தந்திக்கருவிக் குழுக்களில் மிகச் சிலவே தட்டில் ஏறின. தட்டில் ஏறாதது ஊரிலேயே இல்லை என்று பின்வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வியாபாரத்துக்காகக் கிழித்த கோட்டை இரண்டு தலைமுறைக்குள் இயற்கை நியதி என்று நம்ப வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

‘ஹில்பில்லி’ என்றதுதான் பின்னாளில் கன்ட்ரி இசை ஆனது. அந்தக் கோட்டைத் தாண்டிய பாடகர் சார்லி பிரைட் மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்தவர். 1966-இல் இவருடைய முதல் கன்ட்ரி பாடல்களை வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய நிறுவனம், கூடவே புகைப்படம் அனுப்பவில்லை. குரலைக் கேட்டவர்கள் பாடுபவர் வெள்ளையர் என்றே எண்ணினார்கள். 1971-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. அவருக்கும் முன்னோடி டெஃபோர்ட் பெய்லி. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரம். மவுத் ஆர்கனில் ரயிலையே ஓட்டிக்காட்டியவர். 1941-இல் அவரை நீக்கினார்கள். அதன்பின் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்தார். 2005-இல், இறந்து இருபதாண்டு கடந்த பிறகு, கன்ட்ரி இசை மாளிகையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அதே 2005-இல் வட கரோலினாவின் மெபன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற முதியவர் உயிரோடிருந்தார். வயது எண்பத்தாறு. குடும்ப வழியாக வந்த கறுப்பரின் பிடில் மரபைக் கைவிடாமல் வைத்திருந்த கடைசிச் சிலரில் ஒருவர். இசைக் கலைஞர் ரியானன் கிடன்ஸ் உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் அவர் வீட்டுக்குப் போய், கூட உட்கார்ந்து வாசித்தே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தொடங்கிய கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழுவுக்கு 2011-இல் கிராமி கிடைத்தது. கிடன்ஸ் பிறகு இசையமைப்பாளர் மைக்கேல் ஏபெல்ஸோடு சேர்ந்து ‘ஓமர்’ என்ற ஆபராவை எழுதினார். தென் மாநிலத்தில் அடிமையாக விற்கப்பட்டு, 1831-இல் அரபு மொழியில் தன்வரலாறு எழுதிய ஓமர் இப்ன் சயீது என்ற அறிஞரின் கதை அது. 2023-இல் புலிட்சர் பெற்றது. பாஞ்சோ, ஆபரா, அரபுத் தன்வரலாறு. இவற்றில் எது கறுப்பருடையது அல்ல?

நீனா சிமோன் கதை வேறு வகையில் வலிக்கிறது. 1933-இல் வட கரோலினாவின் ட்ரையன் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பாஹ் இசையில் தோய்ந்தவர். பள்ளி வயதில் ஊர் மண்டபத்தில் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்களை முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று அந்தச் சிறுமி உறுதியாகச் சொல்லிவிட்டாள். செவ்வியல் பியானோ கலைஞர் ஆவதுதான் அவர் கனவு. 1951-இல் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்வி நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. பிழைப்புக்காக அட்லாண்டிக் சிட்டி மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார்கள், பாடினார். உலகம் அவரை ஜாஸ் பாடகி என்றது. அந்தப் பெயர் தனக்கு ஒட்டவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 2003-இல் அதே கர்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அறிவித்தது. சில நாட்களில் அவர் காலமானார்.

அப்படியானால் கறுப்பர் கலை என்று தனியாக ஒன்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இந்த வாதம் 1926 ஜூனிலேயே ‘தி நேஷன்’ என்ற அமெரிக்க வார இதழில் நடந்துவிட்டது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கறுப்பினப் பத்திரிகையாளர் ஜார்ஜ் ஸ்கைலர் எழுதினார். அடுத்த வாரமே கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பதில் எழுதினார்: தன் இனத்தைச் சொல்லக் கூசும் கவிஞன் தன்னிடமிருந்தே ஓடுகிறான் என்பது அவர் கட்சி. நான் ஹியூஸ் பக்கம். ப்ளூஸும் ஜாஸும் அந்த மக்களின் பெருஞ்செல்வங்கள். அவற்றைக் கூச்சமில்லாமல் கொண்டாட வேண்டும். ஆனால் ஹியூஸ் கட்டுரையை முடிக்கும் விதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் எங்களை எழுதுவோம். வெள்ளையருக்குப் பிடித்தால் மகிழ்ச்சி, பிடிக்காவிட்டால் கவலையில்லை. எங்கள் மக்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே நிலைதான் என்கிறார். ஒப்புதல் சீட்டு எழுதும் உரிமையை அவர் இரு தரப்புக்குமே தரவில்லை.

பதிப்பாளர்கள் அந்த உரிமையை இன்னும் விடவில்லை. சாதாரணக் கறுப்பினக் குடும்பங்களின் காதலும் மனப்போராட்டமும் ஏன் அச்சேறுவதில்லை என்று 1950-இல் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் கட்டுரையாகவே எழுதிக் கேட்டார். 2001-இல் பெர்சிவல் எவரெட் எழுதிய ‘இரேஷர்’ நாவலின் நாயகன் கிரேக்க நாடகங்களை ஒட்டி நாவல் எழுதுகிறவன். கடைக்குப் போனால் அவன் புத்தகங்கள் கறுப்பர் ஆய்வுப் பிரிவு அடுக்கில் இருக்கின்றன. அவற்றில் கறுப்பரைப் பற்றி எதுவும் இல்லை. அட்டையில் உள்ள அவன் படம்தான் அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது. ஆத்திரத்தில் சேரி வன்முறையைக் கொட்டி ஒரு போலி நாவலைப் புனைபெயரில் எழுதுகிறான். அது பெரும் பணத்துக்கு விலைபோகிறது. ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ என்று 2023-இல் படமாக வந்து திரைக்கதைக்கு ஆஸ்கர் பெற்றது இந்த நாவல்தான்.

நாவல் அடுக்கு மாறினால் மனம்தான் நோகும். நீச்சல் விஷயத்தில் உயிர் போகிறது. கறுப்பருக்கு நீச்சல் வராது, உடலமைப்பே அப்படி என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. 1602-இல் கானா கடற்கரையைப் பற்றி எழுதிய டச்சுப் பயணி பீட்டர் டி மாரேஸ், அந்த மக்களின் நீச்சலையும் மூழ்கும் திறத்தையும் வியந்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அவர்களுடைய வழித்தோன்றல்களைப் பொதுக் குளங்களில் இறங்கவிடவில்லை. 1964 ஜூன் 18 அன்று புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், விடுதிக் குளத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து இறங்கிப் போராடியபோது, விடுதியை நடத்தியவர் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். புகைப்படம் இருக்கிறது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், எல்லாரையும் அனுமதிப்பதைவிட மேல் என்று தன் குளங்களையே மூடியது. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது சரி என்றது.

நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்கள். அந்தப் பயம் வீட்டோடு வளர்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் வீதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே ஐந்து மடங்குக்கும் அதிகம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்ற சிமோன் மானுவல், தன்னைக் ‘கறுப்பின நீச்சல் வீராங்கனை’ என்று அழைப்பது, வெல்ல முடியாத ஒருத்தி வென்றுவிட்டதுபோல ஒலிக்கிறது என்று வருந்தினார். 2021-இல் பிரிட்டனின் அலிஸ் டியரிங் டோக்கியோவுக்குத் தயாரானபோது, அடர்ந்த சுருள்முடிக்கென்று செய்த பெரிய தொப்பியை உலக நீச்சல் கூட்டமைப்பு அனுமதிக்க மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லை என்றது. எதிர்ப்பு வலுத்ததும் 2022-இல் அனுமதித்தது. டியரிங் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய கறுப்பர் நீச்சல் சங்கம், பிரிட்டனில் கறுப்பினப் பிள்ளைகளோடு அவர்கள் பெற்றோரையும் தண்ணீருக்குப் பழக்கும் வேலையைச் செய்து வருகிறது.