ஆறில்லாத சீமையின் கிணறுகள்



மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், ஒரு பக்கம் கரீபியக் கடலும் மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவும் இருக்க, நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் நிலம் யுகாத்தான். அதன் வடபாதியில் பேர் சொல்ல ஓர் ஆறு கிடையாது. மழையில்லாத சீமையோ என்று நினைத்துவிட வேண்டாம். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை கொட்டித்தீர்க்கிறது. பெய்யும் மழை மேலே தங்குவதில்லை, அவ்வளவுதான். அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதன் இடுக்குகளில் இறங்கி, பாறையைக் கரைத்து, குகைகளைக் குடைந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமலே கடலுக்குப் போய்ச் சேருகிறது. எங்காவது ஒரு குகையின் கூரை இற்று விழுந்தால், தரையில் பெரிய திறப்பு உண்டாகி, கீழே தெளிந்த நீர் தெரியும். இந்த இயற்கைக் கிணறுகளுக்குச் செனோட்டே என்று பெயர். யுகாத்தானில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

கான்கூன் கடற்கரை விடுதிகளிலிருந்து தினமும் புறப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில் இரண்டு சங்கதிகள் தவறாமல் இருக்கும். காலையில் மாயா மக்களின் பழைய நகரம். பிற்பகலில் செனோட்டேயில் குளியல். படித்து முடித்த பிள்ளையை விளையாட அனுப்புகிற மாதிரிதான் விளம்பரங்களும் சொல்கின்றன. என் கட்சி வேறு. கிணறு இருந்ததால்தான் அந்த நகரமே அங்கே இருந்தது. பிரமிடைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு, கிணற்றை வெறும் நீச்சல்குளமாக நினைத்துத் திரும்புகிறவர், ஊரின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

கான்கூனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சிச்சென் இட்சா. பேருந்தில் இரண்டரை மணி நேரம். 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். வாசல் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. பெரிய பேருந்துகள் பத்து, பதினோரு மணிக்கு வந்து குவியும். அதற்குள் வெயிலும் உச்சிக்கு வந்துவிடும். ஆகவே பயணத்தை ஏற்பாடு செய்யும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை மணிக்கு உள்ளே போவோம்?' என்பது. இரண்டாவது கேள்வி, 'நுழைவுக் கட்டணம் சேர்த்தியா?' என்பது. அங்கே மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், யுகாத்தான் மாநில அரசுக்கு இன்னொரு கட்டணம். இரண்டையும் செலுத்தினால்தான் உள்ளே விடுவார்கள். மலிவு விலையைக் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்கள் பலவற்றில், இந்தக் கட்டணம் தனி என்பது பொடி எழுத்தில் கடைசியில் இருக்கும்.

உள்ளே போனதும் முன்னால் நிற்பது குகுல்கான் என்ற பாம்புக் கடவுளின் கோயில். ஸ்பானியர்கள் அதைக் கோட்டை என்று அழைத்தார்கள். அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. உச்சியில் உள்ள கோயிலையும் சேர்த்தால் 30 மீட்டர் உயரம். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், மேலே ஒரு மேடை. கூட்டினால் 365. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில், சாயங்கால வெயில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோணம் முக்கோணமாக விழுந்து, பாம்பு ஒன்று இறங்கி வருவதுபோலத் தெரியும். அந்தப் பாம்பின் கல் தலை படிக்கட்டின் அடியில் காத்திருக்கிறது. அதே நாளில்தான் போக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அன்றைக்குப் பாம்பைவிடத் தலைகளே அதிகம் தெரியும். முன்னும் பின்னும் சில நாட்களுக்கு அந்த நிழல் ஓரளவு விழத்தான் செய்கிறது.

படிக்கட்டுக்கு நேர் எதிரே சற்றுத் தள்ளி நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். திரும்பி வருவது கைதட்டலாக இருக்காது. பறவை கூவுகிற மாதிரி, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு படியும் ஒலியைத் தனித்தனியே திருப்பி அனுப்புகிறது. மேலே போகப் போக அடுத்தடுத்த எதிரொலிகளின் இடைவெளி கூடிக்கொண்டே போவதால், சத்தத்தின் சுதி இறங்குகிறது. மாயா மக்கள் புனிதமாகக் கருதிய கெட்சால் பறவையின் குரல் இது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கட்டியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் உடன்பாடில்லை. அதனால் என்ன, கேட்க நன்றாகவே இருக்கிறது. படியில் ஏறத்தான் முடியாது. 2006-இல் ஒரு பெண்மணி தவறி விழுந்து இறந்தார். அதோடு கயிறு கட்டிவிட்டார்கள்.

இந்தக் கோயில்களின் கதவுகளுக்கு மேல் உத்தரமாக வைத்திருக்கும் மரம் என்ன தெரியுமா? சப்போட்டா. நம் தோட்டங்களில் பழுக்கும் அதே சப்போட்டாதான். அதன் சொந்த ஊர் இந்தப் பக்கம். கல்லைப்போல இறுகிய கட்டை; ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரைத் தாங்கி நிற்கிறது. அந்த மரத்துப் பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள்.

2015-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் தரைக்குள் மின்சாரம் செலுத்திச் சோதித்தபோது, குகுல்கான் கோயிலுக்கு நேர் அடியிலேயே நீர் நிறைந்த பெரிய குழி இருப்பதாகத் தெரியவந்தது. அத்தனை பெரிய கோயில் ஒரு செனோட்டேயின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

கோயிலுக்கு வடக்கே பழைய காலத்து வெள்ளைக்கல் பாதை ஒன்று மரங்களுக்கு நடுவே போகிறது. இருபுறமும் மர முகமூடியும், சிறுத்தை உறுமுவதுபோல ஊதும் ஊதலும் விற்கிற கடைகள். சுமார் 300 மீட்டர் நடந்தால் புனிதச் செனோட்டே. குழுவாக வருகிறவர்கள் பலர் இவ்வளவு தூரம் வருவதில்லை; நேரமில்லை என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே இல்லை. ஏறத்தாழ 60 மீட்டர் அகலமுள்ள பள்ளம். விளிம்பிலிருந்து 20 மீட்டருக்கும் கீழே, பாசி படர்ந்து கலங்கிய பச்சை நீர். இதில் குளிக்க அனுமதி இல்லை. ஊர் மக்கள் குடிக்க நீர் எடுத்தது ஸ்டோலோக் என்ற வேறொரு கிணற்றில். இந்தக் கிணறு சாக் என்ற மழைக் கடவுளுக்கு உரியது.

ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தே லாண்டா இந்தக் கிணற்றில் மனிதப் பலி நடந்ததாக எழுதிவைத்தார். 1562-இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துக் கொளுத்தியவரும் அவரே. இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நான்கே நான்கு. ஒரு மக்களின் எழுத்தை எரித்தவரின் குறிப்பைக்கொண்டே அந்த மக்களைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்ததுதான் வேடிக்கை. அவர் எழுதியதைப் படித்துவிட்டு வந்த அமெரிக்கர் எட்வர்ட் தாம்ப்சன், 1894-இல் இடிபாடுகள் உட்பட அந்தப் பண்ணையையே விலைக்கு வாங்கினார். 1904 முதல் கிணற்றைத் தூர்வாரினார். பச்சை மணிக்கல், பொன், சாம்பிராணி உருண்டை, எலும்பு என்று வெளியே வந்தவற்றை அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரு பகுதி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

கன்னிப் பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள் என்ற கதை இன்றும் வழிகாட்டிகள் வாயில் அடிபடுகிறது. கிணற்றில் கிடைத்த எலும்புகளோ ஆண், பெண், குழந்தை என எல்லாத் தரப்பிலும் இருக்கின்றன. இந்தக் கிணற்றுக்கு அருகே 1967-இல், நிலத்தடித் தொட்டி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் 64 குழந்தைகளின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2024-இல் வெளியாயிற்று. அத்தனையும் ஆண் குழந்தைகள். நெருங்கிய உறவுக்காரக் குழந்தைகள் பலர். ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் மட்டும் இரண்டு ஜோடி. மாயா புராணத்தில் பாதாளத்துக்குப் போய் வெல்லும் நாயகர்கள் இரட்டையர்கள் என்பதையும் ஆய்வாளர்கள் நினைவூட்டுகிறார்கள். அருகில் உள்ள திஷ்காகால்தூயூப் என்ற ஊரில் இன்று வாழும் மாயா மக்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது தொடர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. மாயா மக்கள் மறைந்துபோனார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யுகாத்தேக் மாயா மொழியை மெக்சிகோவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். உங்கள் பேருந்தை ஓட்டுகிறவரே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சரி, இப்போது குளிக்கப் போவோம். சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்திலேயே இருப்பது இக் கில். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் ஆழத்தில் நீர். பாறையைக் குடைந்த படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். மேலே மரங்கள், அவற்றின் வேர்கள் விழுதுகளாக நேரே தொங்கித் தண்ணீரைத் தொடுகின்றன. நீரில் கறுப்புக் கெளுத்தி மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். எதுவும் செய்யாது. கரையருகேயே ஆழம் அதிகம், காலுக்குத் தரை எட்டாது. ஆகவே மிதவைச் சட்டையைக் கௌரவம் பார்க்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பாறைப் பொந்துகளில் தோ என்ற பறவை கூடு கட்டும். நீலமும் பச்சையும் கலந்த உடல், வாலில் நீண்ட இரண்டு இறகுகள், நுனியில் மட்டும் விசிறி. அந்தப் பறவை தென்பட்டால் பக்கத்தில் நீர் இருக்கிறது என்று காட்டுக்குள் போகிற மாயா மக்கள் தெரிந்துகொள்வார்கள்.

இறங்குமுன் குழாயடியில் நன்றாகக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பு, கொசுவுக்குப் பூசும் தைலம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் இறங்குவது தேங்கிய குட்டை இல்லை. அந்தப் பகுதி முழுவதும் குடிக்கிற நிலத்தடி நீர். ஒரு கிணற்றில் கரைந்தது இன்னொரு கிணற்றில் தெரியும். ஓமூன் என்ற ஊரில், செனோட்டேக்களை நம்பியே மக்கள் பிழைக்கிறார்கள். மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டியில் ஒவ்வொரு கிணறாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அங்கே பல்லாயிரம் பன்றிகளை வளர்க்கும் பண்ணை ஒன்று வந்தபோது, ஊர்க் குழந்தைகளின் சார்பில் வழக்குத் தொடர்ந்து 2018-இல் அதை நிறுத்திவைத்தார்கள். இப்போது கவலை வேறு. 2023 டிசம்பரில் ஓடத்தொடங்கிய மாயா ரயிலுக்காக, கான்கூனுக்கும் துலூம் என்ற கடலோர ஊருக்கும் இடையே குகைக் கூரைகளைத் துளைத்து இரும்புத் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். தூணுக்குள் ஊற்றிய கான்கிரீட் சில இடங்களில் குகை நீரிலேயே கசிந்திருக்கிறது. அந்த ரயிலில் ஏறி செனோட்டே பார்க்கப் போகலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

துலூம் பக்கத்துக் குகைக் கிணறுகள் இன்னொரு ரகம். கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்தால், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் நீருக்கு அடியிலும் தெரியும். சொட்டுச் சொட்டாக விழுந்து உண்டாகும் விழுது நீருக்குள் வளராது. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது இந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன. அப்போது உண்டானவை அவை. சாக் அக்தூன் என்ற குகைத் தொடர், 2018-இல் பக்கத்துத் தொடரோடு இணைந்திருப்பது தெரிந்த பிறகு, 340 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதற்குள் ஓயோ நேக்ரோ என்ற பள்ளத்தில், 2007-இல் முக்குளிப்பவர்கள் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவள். நாயா என்று பெயர் வைத்தார்கள். உலர்ந்த குகைக்குள் இருட்டில் நடந்து வந்து விழுந்திருக்கிறாள். நமக்கோ, வெளிச்சம் எட்டும் வரைக்கும்தான் அனுமதி. அதற்கப்பால் மண்டை ஓடு படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். குகைப் பயிற்சி பெறாத தேர்ந்த முக்குளிப்பாளர்களுக்கும் அந்தப் பலகை பொருந்தும்.

சிச்சென் இட்சாவின் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு கோபா இருக்கிறது. ஏரிகளுக்கு நடுவே, காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் நகரம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். துலூமின் பழைய நகரமும் கடலோரப் பாறைமேல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஏக் பாலாம். வாயைப் பிளந்த மிருகத்தின் முகமாக ஒரு வாசல். பல்லெல்லாம் சுதையில் செய்தது. உள்ளே ஓர் அரசனின் சமாதி. மூன்று நகரம், மூன்று கிணறு, ஒரே நாளில் என்று சொல்லும் சுற்றுலாவில் மட்டும் சேராதீர்கள். பேருந்தின் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள்.

சாப்பாடு பெரும்பாலும் வயாடோலிட் நகரில். வாழையிலையில் பொதிந்து மண்ணுக்குள் வேகவைத்த பன்றி இறைச்சி அந்த ஊர்ச் சிறப்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பீன்ஸைக் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம், பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சிகில் பாக் என்று ஒன்று உண்டு. வறுத்த பூசணி விதை, சுட்ட தக்காளி, மிளகாய், கொத்தமல்லி சேர்த்து அரைத்தது. நம் துவையல் மாதிரியேதான். சோள ரொட்டியில் தொட்டுக்கொண்டால் அமிர்தம்.

கடைசியாகக் கடிகாரம். கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்துக்கும், சிச்சென் இட்சா இருக்கும் யுகாத்தான் மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அது பறிபோகும். அன்று இரவே விமானம் ஏறுவதாகத் திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.