குதிரை லாடத்தின் கதை

அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டிலே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அம்மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரிலே, பிறீமொண்ட் வீதியில், 1951ஆம் ஆண்டு ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. ஹோர்ஸ்ஷூ என்பது அதன் பெயர். நம் மொழியிற் கூறின் குதிரை லாடம். மேல்நாட்டார்க்கு லாடம் அதிர்ஷ்டச் சின்னம். அவ்விடுதியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

அதனை நிறுவியவர் டெக்ஸஸ் மாநிலத்திலிருந்து வந்த பென்னி பினியன். வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றவர்; நற்சான்றுக்கு உரியவர் அல்லர். எனினும், வாணிகத்தின் மருமம் அறிந்தவர். நகர்ப்புறத்தே எழுந்த மாளிகைகள் ஆடலும் பாடலும் காட்டிச் செல்வரை அழைத்தன. பினியனோ மலிந்த விலையில் நல்ல உணவு, பந்தயத்துக்கு உயர்ந்த வரம்பு என்னும் இரண்டையே நம்பினார். நள்ளிரவின் பின் இரண்டு டொலருக்கு இறைச்சியுணவு கிடைத்தது. பத்தாயிரம் டொலர் நோட்டுகள் நூறு, லாட வடிவச் சட்டத்துள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதனருகே நின்று எவரும் இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். 1970இல் உலகப் போக்கர் போட்டியும் அங்கே தொடங்கியது.

ஆயினும், மலிந்த உணவு தருமம் அன்று. அமெரிக்க உருளைச் சக்கரத்தில் 38 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் வென்றவருக்குக் கிடைப்பதோ 35 மடங்கு. எஞ்சிய வித்தியாசமே விடுதியின் வருவாய். 1980இல் ஒருவர் 7,77,000 டொலரை ஒரே ஆட்டத்தில் வைத்து வென்றார். 1984இல் மீண்டு வந்து, பத்து இலட்சம் டொலரை ஒரே உருட்டில் இழந்தார்.

1988இல் விடுதி, அயலிலிருந்த மின்ற் ஹோட்டலையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு, நகர்ப்புறப் பெருவீதியிலே மிறாஜ் என்னும் பெருமாளிகை எழுந்தது, பினியனும் காலமானார். பயணிகளின் நாட்டம் புதிய மாளிகைகளின் பக்கம் திரும்பியது. பிள்ளைகளிடையே பிணக்கு மூண்டது. 1998இல் நிருவாகம் மகளின் கைக்கு வந்தது. புகழ்பெற்ற நோட்டுகளும் விலைப்பட்டன. தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்கும் மருத்துவ நிதிக்கும் செலுத்த வேண்டிய பணம் நிலுவையாயிற்று. 2004 சனவரி 9ஆம் நாள், மத்திய அரசின் அதிகாரிகள் வந்து, அக்கடனுக்காக விடுதியின் ரொக்கத்தைக் கைப்பற்றினர். விடுதி மூடப்பட்டது.

ஹோர்ஸ்ஷூ என்னும் பெயரையும் போக்கர் போட்டியையும் ஹறாஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கூடம் அவ்வாண்டிலேயே மீண்டும் திறக்கப்பட்டு, பின்னர் பினியன்ஸ் என்ற பெயரைப் பெற்றது. ஆயினும், 2009இல் தங்கும் அறைகள் மூடப்பட்டன. பத்து ஆண்டுகளின் பின்னரே அவற்றுட் சில திறக்கப்பட்டன.

நேயர்களே, பெரும் பந்தயம் வென்றவர்க்குத் தயங்காது பணம் எண்ணிக் கொடுத்தமையால் அவ்விடுதி பெயர் பெற்றது. அறையைக் கூட்டியவர்க்கும் உணவு பரிமாறியவர்க்கும் உரிய பணத்தைச் செலுத்தத் தவறியபோது அதன் கதவு அடைபட்டது. விருந்தினர்க்குக் காட்டும் நாணயம் ஊழியர்க்கும் உரியது. எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.