எடை அட்டையின் மறுபக்கம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வாழ்க்கையில் வெற்றி" என்று ஏதாவது பேசுங்கள் என்றார்கள். அதற்குத் தகுதியுள்ளவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் ஒரு பிஸ்கட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

போன வருடம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சீன உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும், பில்லோடு ஆளுக்கொரு பிஸ்கட் வைத்தார்கள். மடித்த வெற்றிலை மாதிரி இருந்தது. உடைத்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு வரி ஆரூடம். ஃபார்ச்சூன் குக்கி என்று பெயராம். அவரவர் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். அதுதான் வேடிக்கையே. நான் மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டேன். எட்டு வயதுப் பேத்தி என் சீட்டை வாங்கிப் படித்தாள்: "தாத்தா, நீங்க சீக்கிரம் ஒரு பழைய ஃப்ரெண்டைப் பார்ப்பீங்களாம்!" எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும், "நிஜமாவே அப்படித்தான் போட்டிருக்கா பாப்பா?" என்று கேட்டேன். குழந்தை முகம் சுண்டிவிட்டது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் பிஸ்கட் கதை கொஞ்சம். இது சீனாப் பண்டமே இல்லை. ஜப்பானில் கியோட்டோ பக்கம் எள்ளும் மிசோவும் சேர்த்து இப்படிச் சீட்டு வைத்த பிஸ்கட் சுடுவார்கள். 1878-ல் வந்த ஒரு ஜப்பானியப் புத்தகத்தில் அதைச் சுடும் படமே இருக்கிறது. மாவு வட்டம் சூடாக இருக்கும்போதே சீட்டை வைத்து மடிக்க வேண்டும். சில விநாடி தாமதித்தால் விறைத்துப்போய் உடைந்துவிடும். கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜப்பானியர்கள்தான் அங்கே கொண்டுபோனார்கள். 1942-ல், யுத்த காலத்தில், அமெரிக்க அரசாங்கம் அவர்களைக் கூட்டம் கூட்டமாக முகாம்களில் அடைத்தது. கடைகள் மூடின. அந்த இடத்தைச் சீனர்கள் பிடித்துக்கொண்டார்கள். சீட்டில் ஆரூடத்தோடு லாட்டரிக்கு ஆகும் என்று சில எண்களும் போடுவார்கள். 2005 மார்ச்சில் அந்த எண்களை நம்பிக் கட்டியவர்களில் 110 பேருக்கு இரண்டாம் பரிசு விழ, லாட்டரிக்காரர்கள் மோசடி என்றே நினைத்துவிட்டார்கள். விசாரித்தால் எல்லாம் ஒரே தொழிற்சாலை பிஸ்கட்!

நமக்கு இது புதிதா? கோயிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுகிறோம். கிளி வந்து சீட்டெடுக்கப் பார்த்திருக்கிறோம். ஆனால் பிஸ்கட்டுக்கு நேர் அண்ணன் யார் என்றால், ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷனில் நின்ற எடை மெஷின்தான். என் செட்டு ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், இதோ சிரிக்கிறார்கள்.

மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மேலே ஏறி நின்றால் கலர் கலராக விளக்கு மினுங்கும், சக்கரம் சுற்றும். சக்கரம் நின்றதும் பத்துக் காசு போட வேண்டும். (அந்தக் காசு 2011 ஜூன் 30-ஓடு சட்டப்படியும் செல்லாமல் போய்விட்டது.) கடகடவென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் பலன். அந்தப் பலன் இங்கிலீஷில் இருக்கும். எங்கள் இங்கிலீஷ் அறிவில் பாதி அந்த அட்டையில் வளர்ந்ததுதான். ஹாஸ்டலில் அதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. எந்தப் பலன் வந்தாலும் கடைசியில் "அக்கவுண்டன்சி பேப்பரில்" என்று சேர்த்துப் படிக்க வேண்டும். "உங்கள் பொறுமைக்கு விரைவில் பலன் உண்டு, அக்கவுண்டன்சி பேப்பரில்." "எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வரும், அக்கவுண்டன்சி பேப்பரில்." ஒருவனுக்கு வந்தேவிட்டது. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்று ஆடிட்டர்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கத்துக் கரை. அண்ணன் படகில் போய்ச் சம்பாதித்ததில்தான் நான் பி.காம். படித்தேன். மூன்றாம் வருடம், 1978 நவம்பர் 23-ல் இலங்கையில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயல், மறுநாள் நம் ராமநாதபுரம் கரையில் ஏறியது. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் போன படகு திரும்பவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு ஆத்தாவை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தேன். ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று ஏறி இறங்கினோம். எங்கேயும் சேதி இல்லை. சாயங்காலம் ஸ்டேஷனில் ராமேஸ்வரம் பாசஞ்சருக்குக் காத்திருந்தோம். காலையிலிருந்து ஆத்தா தண்ணிகூடக் குடிக்கவில்லை. விளக்கு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏய்யா, அந்த மிசினு சேதி சொல்லுமாமே?" என்று கேட்டது.

ஏற்றி நிறுத்தினேன். சுருக்குப்பையிலிருந்து பத்துக் காசை அதுவே எடுத்துப் போட்டது. 41 கிலோ. அட்டையைத் திருப்பினேன். நீங்கள் தாராள மனம் படைத்தவர், செலவில் கவனம் தேவை என்கிற மாதிரி ஒரு வரி. ஆத்தா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. "பிரிஞ்சவுக வந்து சேருவாகன்னு போட்டிருக்கு ஆத்தா" என்றேன். அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சுருக்குப்பையில் வைத்தது. "சரி, ஒரு டீ வாங்கிக் குடுய்யா" என்றது.

அந்த டீ குடித்ததே போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் மற்ற மூன்று வீட்டிலும் கருமாதி செய்தபோது ஆத்தா மாட்டேன் என்றுவிட்டது. "அட்டையில வந்திருக்கு, எம்புள்ள வருவான்." சித்தப்பா கத்தினார். வீட்டில் காரியம் முடியாமல் அக்கா கல்யாணப் பேச்சை எடுக்க முடியவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு தரம் வாயெடுத்தேன், முடியவில்லை. அடுத்த கார்த்திகையில், யாரும் கேட்காமலே, "போய் ஐயரைக் கூட்டியாங்க" என்று ஆத்தாவே சொன்னது.

பல வருடம் கழித்து, நான் பேங்க் வேலையில் இருந்தபோது, அக்கா மகள் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஆத்தாவின் பெட்டியில் அந்த அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தமும் சொல்லிவிட்டாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தெரியும்டி. அன்னைக்கு உன் மாமன் படிக்கிறப்ப அவன் கண்ணு அட்டையில இல்ல" என்றது. அப்படியானால் அந்த ஒரு வருடம் ஏன் காத்திருந்தது? நான் கேட்கவில்லை. ஆத்தா போய்ச் சேர்ந்தும் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அட்டை என்னிடம் இருக்கிறது. எடை தெரிகிறது, மறுபக்கம் எழுத்து மங்கிவிட்டது.

பேத்தி சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். காருக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுச் சீட்டைப் பார்த்தேன். குழந்தை ஓர் எழுத்து மாற்றாமல்தான் சொல்லியிருந்தாள். மன்னிப்புக் கேட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சீட்டு சொன்னது பலித்தும்விட்டது. ஹாஸ்டல் மெஸ் கணக்கில் எனக்கு முப்பது ரூபாய் தர வேண்டியவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காத மாதிரி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பாடு தயார் என்று செயலாளர் கைகாட்டுகிறார். பந்தியில் அவன் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.