இரண்டு பட்டியல்கள்
நூலக அறிவியல் ஆய்வும் நமது ஆவணங்களும்



நினைவுச் சொற்பொழிவுக்கு நூலக அறிவியலைப் பொருளாக எடுத்துக்கொண்டது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வன்கொடுமை, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்க, புத்தகத்துக்கு எண் போடுகிற துறையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஒருவரை நினைவில் வைத்திருக்க வேண்டுமென்றால் அவர் எழுதியதும் பேசியதும் எங்காவது இருக்க வேண்டும். தேடி வருகிறவர் கைக்கு அது கிடைக்கவும் வேண்டும். இருக்கச் செய்வது, கிடைக்கச் செய்வது என்ற இந்த இரண்டு வேலைகளையும் தன் பொறுப்பாகச் சொல்லிக்கொள்ளும் துறை நூலக மற்றும் தகவல் அறிவியல். ஆகவே அந்தத் துறையிடம் கேட்க நமக்குக் கேள்விகள் உண்டு.

'பட்டியல்' என்ற சொல் நம் வாழ்க்கையில் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தந்த பட்டியல். பள்ளிச் சேர்க்கையிலிருந்து வேலைவாய்ப்பு வரை அது நம்முடன் வருகிறது. கிறித்தவ தலித்துகளுக்கு அதில் இன்றும் இடமில்லை. மற்றொன்று நூலகத்தின் நூற்பட்டியல். முதல் பட்டியலில் நம்மை எழுதியது அரசு. இரண்டாவது பட்டியலில் நம்மை யார் எழுதுகிறார்கள், எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார்கள், எழுதாமல் விட்டது எவ்வளவு? இன்று பேச வேண்டியது இதைத்தான்.

கேட்கப்படாத கேள்வி

பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்று 'ஷோத்கங்கா' தளத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. நூலக அறிவியல் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு துறையில் எத்தனை கட்டுரைகள் வந்தன, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் நூலளவியல் ஆய்வுகள் ஒரு பக்கம். மின்வளங்களை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும் பயனர் ஆய்வுகள் மறுபக்கம். பயனர் ஆய்வின் வினாநிரலில் வயது இருக்கும், பாலினம் இருக்கும், துறை இருக்கும், கிராமமா நகரமா என்றும் இருக்கும். நாம் புரட்டிப் பார்த்தவற்றில் சாதி என்ற கட்டம் அரிதாகவே இருந்தது.

சமூகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய மௌனம். கேட்காததால் சாதி இல்லாமல் போய்விடுவதில்லை. ஆய்வின் கண்ணில் படாமல் போகிறது. 'பயனர்' என்ற சொல்லுக்குள் சேரியிலிருந்து வரும் மாணவியும் அக்கிரகாரத்திலிருந்து வரும் மாணவரும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.

நூலகம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் இந்தத் துறையின் பிதாமகர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. நாம் இந்த விதிகளை மறுக்கவில்லை. அவற்றை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கிறோம்.

அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. நூலக இயக்க வரலாற்றில் பெருமையோடு குறிப்பிடப்படும் முயற்சி அது. அந்த வண்டி எந்தெந்தத் தெருக்களில் நின்றது? சேரிக்குள் போனதா, ஊர் எல்லையில் திரும்பியதா? அந்த வட்டாரத்தில் சேரிக்காரர்கள் பண்ணையில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கீழத்தஞ்சையைத் தெரிந்த ஒரு மாணவர் எடுத்துச் செய்ய வேண்டிய முழு ஆய்வு இது.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று பெயர் சொல்லி உரிமை தருகிறது. நூலகம் அங்கே பெயர் சொல்லப்படவில்லை. பொதுமக்கள் கூடும் இடங்கள் என்ற பொதுச் சொல்லுக்குள் அடங்குகிறது. தண்ணீருக்கும் பாதைக்கும் போராடியவர்கள் நாம். 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் இறங்கியது நமக்கு வரலாறு. வாசிப்பறைக்கான போராட்டம் அந்த அளவு பேசப்படவில்லை.

அமெரிக்காவில் அது பேசப்பட்டது. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கு மட்டுமான பொது நூலகத்துக்குள் சென்றார்கள். தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நூலகத்தில் கிடைக்காத புத்தகங்களைக் கேட்டார்கள். உட்கார்ந்து வாசித்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் நிறவெறி நூலகங்களுக்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் போட்டது. நூலகத்தில் ஒதுக்குதல் எப்படி நடந்தது என்பது அங்கே ஆய்வுப் பொருள்.

இங்கே 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் விடுதலைக்குப் பின் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்று வீட்டுவரி ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. காலனி வீட்டுக்கும் இந்த வரி உண்டு. அப்படியானால் வரி கட்டுகிறவருக்கும் நூலகக் கட்டடத்துக்கும் நடுவே எத்தனை தெருக்கள் இருக்கின்றன? கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் ஊருக்குள் இருக்கின்றனவா, சேரியை ஒட்டி இருக்கின்றனவா? அங்கே போகும் வழியில் எந்தக் கோயில், எந்த டீக்கடை, யார் வீட்டுத் திண்ணை? பெண் பிள்ளைகள் மாலையில் போய்வர முடிகிறதா? ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு வரைபடம் போட்டாலே போதும். அது தரும் உண்மையை ஆயிரம் வினாநிரல்கள் தராது.

எண்ணுக்குப் பின்னால்

நூலகத்துக்குள் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியில் நாம் எங்கே இருக்கிறோம்?

உலகில் பெருவாரியான நூலகங்கள் பின்பற்றும் தசமப் பகுப்பு முறையை 1876இல் வெளியிட்டவர் மெல்வில் டூயி. மதத்துக்கு அவர் ஒதுக்கிய 200 முதல் 299 வரையான எண்களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. உலகின் மற்ற மதங்களெல்லாம் 290க்குள் நெருக்கியடித்துக்கொண்டன. டூயி நடத்திய ஓய்வு விடுதிக் கழகத்தில் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அனுமதி கிடையாது. 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. பதக்கத்திலிருந்து பெயர் போனது. அலமாரியில் அவருடைய எண்கள் இன்னும் இருக்கின்றன.

அந்த எண்களோடு மல்லுக்கட்டிய ஒரு பெண்ணை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். டோரதி போர்ட்டர். 1930 முதல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர். அண்ணல் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் அவரும் நூலக அறிவியல் பட்டம் பெற்றார். அந்தப் படிப்பை 1887இல் அங்கே தொடங்கி வைத்தவர் டூயி. போர்ட்டர் பார்த்த நூலகங்களில் கறுப்பின மக்கள் பற்றிய நூல்களுக்கு இரண்டே எண்கள்தான். 325, குடியேற்றம். 326, அடிமைமுறை. கறுப்பினக் கவிஞர் ஒருவர் கவிதை எழுதினாலும் அது கவிதை அலமாரிக்குப் போகாது; 325க்குப் போகும். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், மருத்துவத்தை மருத்துவத்தில் வைத்தார். புத்தகம் வாங்கப் பணம் போதாதபோது பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி இலவசமாகக் கேட்டு வாங்கினார்.

நமக்கும் இதே கேள்வி இருக்கிறது. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலை எங்கே வைப்பது? தமிழ் இலக்கியம் என்றால் 894.811. ஒதுக்கப்பட்ட பிரிவினர் என்றால் 305.568. கிறித்தவம் என்றால் 200களில் ஓர் எண். பெண்கள் என்றால் வேறு எண். இலக்கியத்தில் வைத்தால் சமூகவியல் மாணவர் காணமாட்டார். சமூகவியலில் வைத்தால், 'இது இலக்கியம் இல்லை, வாக்குமூலம்' என்று சொல்கிறவர்களுக்கு அலமாரியே சாட்சி சொன்னதாகிவிடும்.

இதற்குத் தீர்வின் ஒரு பகுதி ரங்கநாதனிடமே இருக்கிறது. 1933இல் அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு நூல் ஒரே நேரத்தில் பல கோணங்களிலிருந்து தேடப்படலாம் என்பது அதன் அடிப்படை. அலமாரியில் ஒரு புத்தகத்தை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். கணினிப் பட்டியலில் அந்தத் தடை இல்லை. அவரது கருவியை எடுத்து, அவர் காலத்து நூலகம் கேட்காத கேள்விகளுக்குப் பயன்படுத்துவோம். கருவி யாருடைய சொத்தும் இல்லை.

பெயர் வைக்கும் உரிமை

தகவல் அறிவியலில் தேடுசொல் என்பது சிறிய விஷயமில்லை. நம்முடைய வரலாற்றில் அது பெரிய அரசியல். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் தூக்கிப் பிடித்தார். அயோத்திதாசப் பண்டிதர் பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றினார். பிறகு அரிசன் என்று பிறர் வைத்த பெயர் வந்தது, தாழ்த்தப்பட்டோர் வந்தது, தலித் வந்தது.

இன்று ஒரு மாணவர் கணினியில் 'தலித்' என்று தட்டினால் 1893உம் வராது, 1922உம் வராது. இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சொல்லடைவு வேண்டும். நிகண்டு எழுதிய மொழி நம்முடையது. நமக்கான நிகண்டை நாம்தான் எழுத வேண்டும். எந்தப் பெயர் யார் வைத்தது, எந்தக் காலத்தது, எது வசவு, எது உரிமைக் குரல் என்ற குறிப்போடு எழுத வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புகளில் முன்பு 'தீண்டத்தகாதவர்' என்றிருந்த இடத்தில் இன்று 'தலித்துகள்' என்றிருக்கிறது. அதே பட்டியலில் 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பை மாற்றக் கோரி 2014இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். 2016இல் நூலகம் ஒப்புக்கொண்டது. அரசியல்வாதிகள் குறுக்கே வந்தார்கள். 2021இல் தலைப்பு மாறியது. தொடங்கியவர்கள் மாணவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

டிரங்குப் பெட்டி நூலகர்கள்

1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் மறையும் வரை அதில் அவர் எழுதிக் குவித்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அந்த எழுத்துகளைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது 1999இல். நடுவில் 85 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் தமிழ் இதழியல் வரலாறும் தமிழர் சிந்தனை வரலாறும் பெரும்பாலும் அவர் இல்லாமலே எழுதப்பட்டன.

இத்தனை ஆண்டுகள் அந்தத் தாள்கள் எங்கே இருந்தன? கோலார் தங்கவயலின் பௌத்த சங்கத்தாரும் சித்தார்த்தா புத்தகசாலையும் அவரது எழுத்துகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் இதழ்களைச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலும் இயக்கத் தோழர்களின் டிரங்குப் பெட்டிகளிலும் இருந்த நூலகம் அது. அவர்களில் யாருக்கும் நூலக அறிவியல் பட்டம் இல்லை. துறையின் பாடநூலில் அவர்களுக்கு இடமும் இல்லை. ஓர் ஆவணம் யார் யார் கைகளில் இருந்து வந்தது என்பதைப் பதிவு செய்வது காப்பக அறிவியலின் பாலபாடம். அந்தக் கைகளைப் பற்றிய ஆய்வு நமக்கு வேண்டும்.

'தமிழன்' தப்பியது. எல்லா இதழ்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களைத் தேடி ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவற்றில் பல இன்று பெயராக மட்டுமே எஞ்சியுள்ளன. வேறு இதழில் வந்த ஒரு விளம்பரம், யாரோ போகிறபோக்கில் எழுதிய ஒரு குறிப்பு, சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிக்க ஆங்கில அரசு தயாரித்த அறிக்கையின் ஒரு பத்தி. நம் முன்னோர் எழுதியதை நூலகம் வைத்திருக்கவில்லை; உளவு பார்த்தவர்கள் வைத்திருந்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 1990களின் தலித் எழுச்சியில் வந்த சிற்றிதழ்கள், மாநாட்டுத் துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், ஒலிநாடாக்கள் இன்று எங்கே இருக்கின்றன? தோழர்களின் பரணில். வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. மழையில் ஊறுகின்றன. ஒருவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் பெட்டி காலியாகிறது. நூல்களைத் தேசிய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் அனுப்ப 1954இன் சட்டம் உண்டு. தெருமுனைக் கூட்டத் துண்டறிக்கையை அனுப்பச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

மாணவ நண்பர்களே, ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு நாம் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். ஒன்று, உங்கள் வட்டத்தின் நூலக வரைபடம். இரண்டு, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தலித் நூல்களுக்குத் தரப்பட்டுள்ள எண்களையும் தலைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பது. மூன்று, உங்கள் ஊரில் இயக்கத்தில் இருந்த ஒருவரின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை அட்டவணைப்படுத்துவது.

மூன்றாவது வேலையில் ஓர் எச்சரிக்கை உண்டு. கிடைத்ததையெல்லாம் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது சேவையாகாது. உண்மை அறியும் அறிக்கைகளில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் இருக்கும், சாட்சிகளின் தெருவும் வீடும் இருக்கும். அவர்கள் இன்றும் அதே ஊரில், அதே ஆட்களுக்கு நடுவில் வாழ்கிறார்கள். எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு மூடி வைப்பது என்பதை அந்தக் குடும்பங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தகவல் அறிவியல் 'அணுக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குள் அவர்களின் பாதுகாப்பும் அடங்கியாக வேண்டும்.

அண்ணல் பம்பாயில் கட்டிய ராஜகிருகம் இல்லத்தில் புத்தகங்களுக்கென்று இடம் ஒதுக்கினார். ஆனால் அவர் மறைந்த பிறகு அவருடைய கையெழுத்துப் படிகள் நீண்ட காலம் பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு அவரது எழுத்துகளின் முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். அண்ணலின் தாள்களுக்கே 23 ஆண்டுகள் ஆயின என்றால், பெயர் தெரியாத நம் வட்டாரத் தோழரின் தாள்களுக்கு யார் காத்திருப்பார்கள்?

இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டியோ பையோ இருக்கும். இந்த வாரம் அதைத் திறந்து, உள்ளே இருப்பவற்றின் தலைப்பு, ஆண்டு, இடம், யாரிடமிருந்து வந்தது என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது பட்டியலின் முதல் பக்கம் அந்த நோட்டாக இருக்கட்டும்.