நீலத்தின் மேல் எதை எழுதுவது?



தோழர்களே, நினைவுப் பேருரை என்றால் இலக்கியம், வரலாறு, கோட்பாடு என்று பேசுவதுதான் வழக்கம். நாங்கள் இன்று சுவரொட்டியின் நிறங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் கவிதையும் எழுதினார், சுவரும் எழுதினார். ஒரு வரி எழுதி முடித்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்பார். அங்கிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரியைத் தொடங்குவார். அப்போது எங்களுக்கு அது நேர விரயமாகத் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சாதிவெறித் தாக்குதலைக் கண்டித்துக் கூட்டம் நடத்தினோம். சுவரொட்டியை நாங்களே வடிவமைத்தோம். பின்னணி முழுக்க அடர்நீலம், அதன்மேல் சிவப்பு எழுத்து. செல்பேசித் திரையில் அது சுடர்விட்டது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அச்சாகி வந்தபோது நீலம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது, சிவப்பு எழுத்து அதற்குள் மூழ்கியிருந்தது. நேரமில்லை, அப்படியே ஒட்டினோம். கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலி. மறுநாள் பேருந்து நிலையம் அருகே குடியிருக்கும் ஓர் அக்கா சொன்னார்: "நோட்டீஸப் பாத்தோம்பா. நெறத்தப் பாத்ததுமே நம்ம நோட்டீஸுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க, எப்பன்னுதான் படிக்க முடியல."

அந்தப் பதிலை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. நம் நிறம் நம் மக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் சொல் சேரவில்லை.

நீலம் நமக்கு அலங்காரம் அல்ல. 1942இல் அண்ணல் அம்பேத்கர் உருவாக்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அதன் தொடர்ச்சியாக வந்த குடியரசுக் கட்சியின் கொடியும் நீலம். கம்பிக் கூண்டுக்குள் நிற்கவைக்கப்பட்ட அண்ணலின் சிலைகளிலும் மேலங்கி நீலம்தான். ஆகவே நீலத்தை எடுப்பதா வேண்டாமா என்பது நம் கேள்வி அல்ல. நீலத்தோடு எதைச் சேர்ப்பது, அதன்மேல் எதை எழுதுவது என்பதுதான் கேள்வி.

இதற்குக் கணக்கு உண்டு. இரண்டு நிறங்களுக்கு இடையிலான ஒளி வேறுபாட்டை அளக்கலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்கு 21க்கு 1. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 வேண்டும் என்கிறது. கணினித் திரையின் தூய நீலத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் ஏறக்குறைய 8.6 கிடைக்கும். மஞ்சள் வைத்தால் 8. கறுப்பு வைத்தால் வெறும் 2.4. சிவப்பு வைத்தால் அதைவிடக் குறைவு, 2.1. நாங்கள் செய்த தவறு இதுதான். போதாததற்கு, சிவப்பையும் நீலத்தையும் கண் ஒரே தூரத்தில் குவித்துப் பார்ப்பதில்லை. அதனால் அந்த எழுத்தின் விளிம்பு அதிர்வதுபோலத் தெரியும், கண் வலிக்கும்.

கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்றும் சேர வேண்டும் என்பது நம்மில் பலரின் அரசியல் விருப்பம். 2018இல் வந்த 'காலா' படத்தின் இறுதிக் காட்சியில் அந்த மூன்று நிறங்களும் திரையை நிறைத்தபோது நாமும் எழுந்து நின்று கைதட்டினோம். அங்கே யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை. சுவரொட்டியில் ஊரும் தேதியும் படித்தாக வேண்டும். மூன்றையும் சேர்க்க விரும்பினால் நடுவே வெள்ளைக்கு இடம் விடுங்கள். விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக் கொடியைப் பாருங்கள். நீலமும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நட்சத்திரம் இருக்கிறது. இரண்டு நிறங்களின் மேலும் தெரியக்கூடியது அந்த வெள்ளைதான்.

அடுத்தது அச்சு. திரை ஒளியால் ஆனது, அச்சு மையால் ஆனது. திரையில் எரியும் நீலத்தை அச்சு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. சயானும் மெஜந்தாவும் சேர்ந்துதான் அச்சில் நீலம் வருகிறது. மெஜந்தா சயானை நெருங்கிவிட்டால் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். சயான் 100 என்றால் மெஜந்தாவை 60, 70க்குள் நிறுத்துங்கள். ஆயிரம் படி அடிப்பதற்கு முன் ஒரு படி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துண்டறிக்கை நகலெடுக்கப்படும்போது நிறமெல்லாம் போய்விடும் என்பதால், வடிவமைப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதிலும் எழுத்து நின்றால் உங்கள் தேர்வு சரி.

மூன்றாவது, இடம். தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2019இல் பள்ளிக் கல்வித்துறை இதற்காகவே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. வடிவமைப்புப் பாடநூல்கள் நிறச் சக்கரத்தைக் காட்டி, எதிரெதிர் நிறம் பொருந்தும், அடுத்தடுத்த நிறம் இசையும் என்று சொல்லித்தரும். எந்த இரண்டு நிறங்கள் சேர்ந்தால் எந்தத் தெருவில் எந்தச் சாதியின் அடையாளமாகிவிடும் என்று அவை சொல்லித்தராது. அதை அந்த ஊர்த் தோழரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் நாம் அழகுக்காகச் சேர்த்த மஞ்சளோ பச்சையோ, சுவரொட்டியைக் கண்டதும் நம் பிள்ளைகளை ஒதுங்கிப் போகவும் செய்யலாம்.

மாணவத் தோழர்களுக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒரு சுவரொட்டிக்கு மூன்று நிறம் போதும். பரப்பில் பெரும்பகுதிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, ஒரேயொரு இடத்தை அழுத்திக் காட்ட ஒன்று. நீலப் பரப்பு, வெள்ளை எழுத்து, தேதிக்கு மட்டும் மஞ்சள் என்று வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அழுத்தினால் எதுவும் தனித்துத் தெரியாது.

எழுத்து நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. நம் பாட்டன்மார் பலர் கையெழுத்திடக்கூட விடப்படவில்லை. இன்று சுவரில் ஒரு வரி எழுத நமக்குக் கிடைத்திருக்கும் இடத்தை, படிக்க முடியாத அழகால் நாமே மறைத்துவிடக் கூடாது. கண் மங்கிய அக்காவும், இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அப்பாவும், ஓடும் பேருந்தின் சன்னலோரத்தில் இருக்கும் தங்கையும் நம் வாசகர்கள்.

அடுத்த சுவரொட்டியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், நம் தோழர் செய்ததுபோல ஒருமுறை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள்.